துரு தின்ற காற்று

அந்த அக்கா யார் எதைச் சொன்னாலும் உடனே நம்ப மாட்டாள். சொன்னவர் மேல் சந்தேகம் என்று இல்லை. "வெச்சுப் பாத்தியா?" என்று கேட்பாள், அவ்வளவுதான். வைத்துப் பார்க்காமல் பேசுகிறவன் பேச்சை, தெருவில் போகிற லாரிச் சத்தம் மாதிரி கேட்டும் கேட்காமல் விட்டுவிடுவாள்.

ரேஷன் பருப்பில் சாயம் கலந்திருக்கிறது என்று எங்கள் ஆற்றோரம் முழுக்கப் பேச்சு கிளம்பியது. அக்கா ஒரு கைப்பிடிப் பருப்பைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்தாள். போன மாதத்துப் பருப்பை இன்னொரு டம்ளரில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் காலையில் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. ஆக்கித் துன்னுங்க" என்றாள். பேச்சு அடங்கியது.

எதற்கும் இரண்டு வைப்பாள். "ஒரு பாட்டில் மட்டும் வெச்சா அது பொய் சொல்லும்டா. பக்கத்துல இன்னொண்ணு நிக்கணும். அப்பத்தான் அதுக்கு பயம் வரும்."

அவள் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் தினக்கூலிக்கு வேலை பார்த்தாள். பத்தாவது பெயில். டெஸ்ட் டியூப் கழுவுவது, பாட்டிலுக்குப் பெயர் ஒட்டுவது, நாளைய சோதனைக்கு வேண்டியதை இன்றே எடுத்து வைப்பது. பன்னிரண்டு வருடமாக அதே வேலை, அதே தினக்கூலி. பக்கத்து அறையில் நடக்கும் பாடம் தடுப்புக்கு மேலே வழிந்து அவள் காதில் விழும். வருடா வருடம் அதே பாடம் என்பதால் பாதி அவளுக்கு மனப்பாடம்.

அவள் வீட்டு ஜன்னலில் ஐந்து பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி. ஒன்றில் மெட்ரோ தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் நொச்சிக்குப்பத்தில் பிடித்துவந்த கடல் தண்ணீர். நான்காவதில் காய்ச்சிய தண்ணீர், மேலே எண்ணெய் மிதக்கும். ஐந்தாவதில் வெறும் ஆணி. கடல் தண்ணீர் ஆணிதான் முதலில் கரையும். எண்ணெய்க்கு அடியில் இருப்பது மாதக்கணக்கில் பளபளவென்று கிடக்கும்.

நான் அப்போது அவளுக்குப் பக்கத்து வீட்டில் பாதி அறையில் இருந்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டு, ஓட்டல், லாரி, மீன் ஐஸ் கம்பெனி என்று சுற்றி, கடைசியில் துரு சுரண்டும் வேலைக்கு வந்திருந்தேன். கடற்காற்று அடிக்கிற ஊர். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். இருமினால் சளி செங்கல் நிறத்தில் வரும். எங்களுக்குத் துரு என்றால் சோறு. அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

அக்காவின் தம்பி குமாரும் நானும் ஒரே மேஸ்திரியிடம் வேலை செய்தோம். அந்த வேலையை அவனுக்கு அக்காதான் பிடித்துக் கொடுத்தாள். ஒரு நிபந்தனையோடு. ராத்திரி குடித்தாலும் காலையில் தொடக்கூடாது. சத்தியம் எல்லாம் வாங்கவில்லை. தினமும் டிபன் பாக்ஸைக் கையில் கொடுப்பதற்கு முன் வாசலில் நிறுத்தி, "ஊது" என்பாள். அவன் ஊதுவான். மோந்து பார்த்துவிட்டுத்தான் பாக்ஸ்.

ஒரு நாள் என்னையும் நிறுத்தினாள்.

"நீயும் ஊது."

"நான் உன் தம்பியாக்கா?"

"அவன் மேல ஏறசொல்ல ஏணி புடிக்கறது நீதானே. ஊது."

ஊதினேன். மூக்கைச் சுருக்கினாள். "ராத்திரி ஊத்துனது. காலைலது இல்ல. போ."

"ராத்திரிது, காலைலதுன்னு மோந்தே கண்டுபுடிப்பியாக்கா?"

"ஆறு மாசம் ரெண்டையும் மோந்து பாத்துக்கினு கீறேன். தெரியாம இன்னா?"

குமார் பாக்ஸை வாங்கிக்கொண்டே, "போலீஸ்காரன் மிஷின் வாங்கறதுக்கு பதிலா உன்ன வாங்கியிருக்கலாம்" என்றான். முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு இறங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் பாட்டில்களைப் பார்த்து நான் எதையோ கேட்கப்போய், அவள் திருப்பிக் கேட்டாள்.

"ஆக்சிஜனேற்றம்னா இன்னான்னு தெரியுமாடா?"

"ஆக்சிஜன் ஏறறது."

"அது பழைய கத. மொதல்ல அப்டித்தான் நெனச்சுக்கினு இருந்தாங்களாம். இரும்பு ஆக்சிஜனோட சேந்தா துரு. வெறவு சேந்தா நெருப்பு. சேர்றதுதான் விசயம்னு. அப்பால பாத்தா, ஆக்சிஜனே இல்லாத எடத்துலயும் அதே வேல நடக்குது. அப்பத்தான் தெரிஞ்சுதாம், விசயம் சேர்றது இல்ல, எழக்கறது. இரும்பு தன்கிட்ட கீற எலக்ட்ரானை உட்டுடுது. அதுக்குப் பேருதான் ஆக்சிஜனேற்றம்."

"உட்டது எங்க போவும்?"

"சும்மா போவாது. ஒண்ணு எழந்தா, அதே நேரத்துல இன்னொண்ணு வாங்கிக்கும். தனியா எழக்கவே முடியாதாம். டீச்சரம்மா வருசா வருசம் இத மட்டும் ரெண்டு தபா சொல்லுவாங்க." ஆணிப் பாட்டில் ஒன்றைத் திருப்பி வைத்தாள். "அதனால எது எழந்தாலும் நான் மொதல்ல கேக்கறது, வாங்குனது யாருன்னுதான்."

அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பும் என்று அன்று நினைக்கவில்லை.

ஆழ்வார்பேட்டையில் ஓர் அடுக்குமாடி. கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடத்தின் மூலையில், தரைக்குள் இறக்கிய பழைய இரும்புத் தொட்டி, ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம். மேலே ஓர் ஆள் நுழைகிற அளவு வட்ட வாய், அதற்கு போல்ட் போட்ட மூடி. இரண்டு வருடமாக யாரும் திறக்கவில்லை. கோடையில் தண்ணீர் போதாமல், அதைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து மறுபடி உபயோகிக்கலாம் என்று குடியிருப்போர் சங்கம் முடிவு செய்திருந்தது.

அந்தக் கட்டடத்தில் வேலையாட்கள் சத்தம் போடக்கூடாது. லிஃப்ட் பக்கத்தில் அச்சடித்தே ஒட்டியிருந்தார்கள். முதல் நாள் நானும் குமாரும் கீழ்த்தளத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசியது மாடிவரை கேட்டதாம். சங்கச் செயலாளர் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னார். மேஸ்திரி எங்களிடம் வந்து, "இன்னொரு தபா உங்க கொரலு மேல கேட்டுச்சு, நாளைலேர்ந்து வேற ஆளு" என்றார்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மூடியைத் திறந்தோம். சாக்கடை என்றால் எங்களுக்கும் பயம் உண்டு. அது சாக்கடை இல்லை. நல்ல தண்ணீர் நின்ற தொட்டி, அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம். குமார் வாய்க்கு மேலே குனிந்து மோந்து பார்த்தான். "இரும்பு வாசன தவிர ஒண்ணும் இல்ல மச்சி. சுத்தமா கீது" என்றான். எங்கள் தொழிலில் மூக்குதான் அளவுகோல். நாறினால் இறங்க மாட்டோம். நாறவில்லை என்றால் இறங்குவோம்.

உள்ளே சுவரோடு பற்றவைத்த கம்பிப் படிகள். குமார் இறங்கினான். நான்காவது படியில் அவன் கை விட்டது. வழுக்கவில்லை. தூங்குகிறவன் கையிலிருந்து சாமான் நழுவுகிற மாதிரி, தானாக விட்டது. கீழே விழுந்த சத்தம் ஒன்றுதான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

நான் மேலே படுத்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டு, "குமாரு" என்று கூப்பிட மூச்சை இழுத்தேன். நாற்றம் இல்லை, எரிச்சல் இல்லை, இருமல் இல்லை. மூச்சு உள்ளே போனது, ஆனால் போன மாதிரி இல்லை. கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எப்படியோ கையை ஊன்றிப் பின்னால் தள்ளி வெளியே வந்து மல்லாந்து கிடந்தேன்.

அப்புறம் போய் மேஸ்திரியிடம் சொன்னேன். தீயணைப்பு வண்டி வந்தது. குமாரை மேலே எடுத்தபோது நெற்றி பிளந்திருந்தது. உயிர் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். "குடிப்பானான்னு கேட்டா குடிப்பான்னு சொல்லு. அது உண்மதானே. தலைய உட்டேன், மயக்கம் வந்துச்சுன்னு எல்லாம் ஒளறாத. அப்பால என்ன உள்ள வெப்பாங்க. உனக்கும் வேல போவும்."

ஸ்டேஷனில் கேட்டார்கள். குடிப்பான் என்றேன். எழுதி நீட்டினார்கள். குடிபோதையில் படியில் கால் தவறி விழுந்தான் என்று இருந்தது. அந்த அளவுக்குப் படிக்கத் தெரியும் எனக்கு. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

பிரேதப் பரிசோதனையிலும் கொஞ்சம் மது இருந்ததாக வந்தது. ராத்திரி குடித்தது. சங்கத்துக்கு நிம்மதி, மேஸ்திரிக்கு நிம்மதி. குமாரின் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போனாள். "குடிச்சுட்டு செத்தவனுக்கு நான் ஏன் இங்க உக்காந்து அழணும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரிக்கும்போது என்னைக் கூப்பிட்டாள். "அன்னிக்கு காலைல அவன ஊதச் சொன்னேன். ஒண்ணும் இல்ல. பாக்ஸ் குடுத்தேன். அவங்க காயிதத்துல எழுதிக்கீறது பொய்யி. இல்லாங்காட்டி நான் மோந்தது பொய்யி. ரெண்டுல ஒண்ணு." பந்தல் கம்பு ஒன்றை எடுத்து ஓரமாகச் சாய்த்தாள். "அந்தத் தொட்டி இரும்புதானே? மூடியே கெடந்ததுதானே? உள்ள ஈரமா கீதா?"

ஆமாம் என்றேன். அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக முதல் வருடப் பிள்ளைகளுக்கு அவள் கையால் எடுத்துவைத்த சோதனை அது. ஈர இரும்பு நாரை ஒரு குழாயின் அடியில் அடைத்து, தண்ணீரில் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். மறுநாள் பார்த்தால் தண்ணீர் குழாய்க்குள் ஏறியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு. துரு அந்த அளவு காற்றை எடுத்துக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டிய பங்கும் அதுதான்.

அன்றிலிருந்து அவள் இரண்டு பாட்டில்களோடு அலைந்தாள். கூட நானும் போனேன். அவள் கூப்பிட்டாள். வர மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் ஸ்டேஷன். எஸ்.ஐ. மேஜையில் இரண்டையும் வைத்தாள்.

"இன்னாம்மா இது, மேஜிக் ஷோவா?"

"இல்ல சார். இது சும்மா மூடி வெச்ச பாட்டிலு. இதுல ஈர இரும்பு நாரு போட்டு முந்தாநேத்து மூடுனது. பாத்திரம் தேய்க்கற ஸ்டீல் நாரு ஆவாது. அது துரு புடிக்காது. இது இரும்பு நாரு."

கம்பியில் கட்டிய குச்சியைப் பற்றவைத்து முதல் பாட்டிலில் விட்டாள். எரிந்தது. மறுபடி பற்றவைத்து இரண்டாவதைத் திறந்து விட்டாள். தண்ணீரில் முக்கிய மாதிரி அணைந்தது.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்து, "சார், இன்னொரு தபா பண்ணச் சொல்லுங்க" என்றார்.

"தொறந்தா காத்து பூந்துடும் சார். மறுக்கா மூடி வெக்கணும். நாளாவும்."

எஸ்.ஐ. சிரித்தார். "பாட்டிலு சரிம்மா. ரிப்போர்ட்ல சரக்கு கீதே, அதுக்கு இன்னா சொல்ற?"

"அது ராத்திரிது சார். காலைல நான் ஊதச் சொன்னேன்."

"நீ இன்னா டிராஃபிக் போலீஸா, ஊதச் சொல்ல?" என்றவர் பின்னால் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். "ஏம்ப்பா, நீதானே கூட இருந்தவன்? குடிப்பான்னு சொன்னது நீதானே?"

"ஆமா சார்" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மேஜையில் சொட்டியிருந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். பாட்டில்களைப் பையில் வைத்தாள்.

பஸ் நிறுத்தம்வரை எனக்கு முன்னால் நடந்தாள். பஸ் வரும்போது திரும்பிக் கேட்டாள்.

"தலைய உள்ள உட்டியாடா நீ?"

"இல்லக்கா."

"சரி."

அடுத்தது அந்தக் கட்டடத்துச் சங்கம். செயலாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், காபி கொடுத்தார். மரியாதையான மனுஷன். பாட்டில்களைக் கடைசிவரை பார்த்தார்.

"நீங்க சொல்றது பாட்டிலுக்கு சரிம்மா. தொட்டி எவ்ளோ பெரிசு."

"தொட்டியும் பெருசு, துருவும் பெருசு சார். திரும்ப மூடி வெச்சு மூணு மாசம் ஆச்சு. ஒரு ஆபீசரை வெச்சுத் தொறந்து, ஒரு வெளக்க உள்ள உட்டுப் பாருங்க. எரிஞ்சா நான் இனிமே வரமாட்டேன்."

அவர் காபி டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினார். "அந்தத் தொட்டியைப் பார்த்தாலே இங்க எல்லாருக்கும் மனசு கஷ்டமா இருக்கு. வெட்டி எடுத்துடலாம்னு தீர்மானம் போட்டாச்சு."

அதற்கப்புறம்தான் மயிலாப்பூர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், அந்தக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சரம்மா வீடு. தடுப்புக்கு மேலே வழிந்த குரல் அவருடையதுதான். அக்காவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் எழுதித் தரேன். ஆனா துரு ஆக்சிஜனை எடுத்துக்கும்னுதான் நான் எழுத முடியும். அன்னிக்கு அந்தத் தொட்டிக்குள்ள அது இல்லேன்னு நான் எப்படிச் சொல்றது? எங்காத்துல உக்காந்துண்டு அதை நான் சொன்னா யார் ஒத்துப்பா? அங்க இருந்தவாதான் சொல்லணும்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் அவர் வீட்டுத் தரையின் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை வாங்கி நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். மாட வீதியில் ஆட்டோக்களுக்கு நடுவே நடக்கும்போது மறுபடியும் அதே கேள்வி. அதே குரல், கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

"தலைய உட்டியாடா?"

"இல்லக்கா. மேலயே நின்னுக்கினு இருந்தேன்."

"சரி."

திட்டியிருந்தால் நான் அன்றே ஊரைவிட்டுப் போயிருப்பேன். அவள் திட்டவில்லை. சாயங்காலம் ஆனால் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். குமாரின் தட்டில் போட்டாள்.

தொட்டியை வெட்டும் வேலைக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் ஆள் தேடினார். போல்ட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து வைக்க ஓர் ஆள் காலையிலேயே போக வேண்டும், வெட்டுகிறவன் மதியத்துக்கு மேல் வருவான். எனக்கு வேறு வேலை இல்லை. ஒத்துக்கொண்டேன். அதை அக்காவிடம் ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"என்னிக்கு?" என்றாள்.

"வெள்ளிக்கெழம காலைல."

"நான் வரேன்."

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்ததாக வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். டிபன் பாக்ஸில் அகல்கள், எண்ணெய், திரி, ஒரு சுருள் கம்பி. நான் போல்ட்டுகளைக் கழற்றினேன். மூடியைத் தள்ளியதும் அதே வாசனை வந்தது. நனைந்த இரும்பு.

அவள் தன் போனைப் பக்கத்துப் பெயிண்ட் டின் மேல் சாய்த்து வைத்தாள். விளக்கு இறங்குவதைப் படம் பிடிக்க என்று நினைத்தேன். அகலை ஏற்றி, கம்பியில் தொங்கவிட்டு, மெல்ல உள்ளே இறக்கினாள். ஒரு முழம் போனது. சுடர் சின்னதானது. இன்னும் ஒரு முழம். அணைந்துவிட்டது. மேலே எடுத்து ஏற்றினாள். மறுபடி அதே இடத்தில் அணைந்தது. வெளியே, தொட்டிக்குப் பக்கத்தில், இன்னோர் அகல் எரிந்துகொண்டே இருந்தது. அதை எப்போது ஏற்றிவைத்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

"பாத்தியா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் புடவையை இழுத்துச் செருகினாள். தொட்டிமேல் மண்டிபோட்டாள். இரண்டு கையையும் வாயின் விளிம்பில் ஊன்றி, தலையை உள்ளே விட்டாள். அப்புறம் தோள்.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினேன். அவள் முழங்கை என் வாயில் பட்டு உதடு கிழிந்தது.

"பைத்தியமாக்கா நீ? செத்துடுவக்கா. அன்னிக்கு நான் தலைய உட்டு ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தேன், கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு, காலு ரெண்டும் போச்சு. குமாரு நாலாவது படிலயே கைய உட்டுட்டான். வழுக்கல. குடிக்கல. கை தானா உட்டுச்சுக்கா. நான் பாத்தேன்."

அவள் தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கவில்லை. முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை.

"மூச்ச புடிச்சுக்கினுதான் குனிஞ்சேன்" என்றாள்.

எழுந்துபோய் பெயிண்ட் டின் மேலிருந்த போனை எடுத்தாள். திரையின் மூலையில், பதிவு ஓடுகிற சிவப்புப் புள்ளி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, வெளியே எரிந்த அகலை ஊதி அணைத்தாள். மூன்று மாதமாக மூடிக் கிடந்தது அந்தத் தொட்டி மட்டும் இல்லை, என் வாயும்தான்.

அக்கா மனு கொடுத்து வாங்கிய தாலுகா ஆபீஸ் விசாரணையில் நான் சொன்னேன். என் குரல் பதிந்த போனை அவள் கையில் வைத்திருக்கும்போது சொல்லாமல் இருக்க முடியாது. டீச்சரம்மாவின் கடிதத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். குடிபோதை என்று இருந்த இடத்தில் பிராணவாயு இல்லாமல் மூச்சடைத்து என்று எழுதினார்கள். அக்கா அந்தக் காகிதத்தை ஒரு பிரதி எடுத்துக் குமாரின் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். மேஸ்திரிமேல் வழக்கு ஆனது. எனக்கு இந்தத் தொழிலில் யாரும் வேலை தரவில்லை. அது நியாயம்தான். நான் திருப்பூர் போனேன், அங்கிருந்து ஓசூர், அப்புறம் எங்கெங்கோ.

ஆற்றோர வீடுகளை இடித்து அவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போன வருடம் தேடிப் போனேன். ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. அதே ஐந்து பாட்டில்கள், அதே வரிசையில். தலை பாதி நரைத்திருந்தாள். கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாளாம். டீ போட்டுக் கொடுத்தாள். என் உதட்டுத் தழும்பைப் பார்த்து, "ஆறிடுச்சு" என்றாள்.

நான் கிளம்பச் செருப்பு மாட்டும்போதுதான் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்னு. அந்த ஆழ்வார்பேட்ட வாட்ச்மேன் எங்க பிளாக்லதான் கீறாரு இப்ப. குமாரு உழுந்த அன்னிக்கு கீழேர்ந்து ஒரு சத்தமும் கேக்கலன்றாரு. நீ வெளிய வந்தப்பால, எவ்ளோ நேரம் கழிச்சுடா கத்துன?"

ஞாபகம் இல்லை என்றேன்.

"சரி" என்றாள். அதே சரி.

ஏழு மாடியும் இறங்கி வந்தேன். அவள் திரும்பக் கேட்க மாட்டாள். போனில் கூப்பிட மாட்டாள். கேள்வியை வைத்துவிட்டாள், எத்தனை நாள் ஆனாலும் காத்திருப்பாள். அது எனக்குத் தெரியும்.

ஞாபகம் இருக்கிறது. வெளியே வந்து கிடந்தவன், கால் வந்ததும் எழுந்தேன். கத்த வாய் திறந்தேன். குரல் மேலே கேட்டால் நாளையிலிருந்து வேறு ஆள் என்று மேஸ்திரி சொன்னது நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். கார்களுக்கு நடுவே நடந்து, சரிவுப் பாதையில் ஏறினேன். ஓடக்கூட இல்லை. எதிரே செயலாளர் காய்கறிப் பையோடு இறங்கி வந்தார். சுவரோரம் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன். வணக்கம் சார் என்றேன். அவரும் தலையாட்டினார். தெருவைத் தாண்டி டீக்கடைக்குப் போனேன். மேஸ்திரி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.

நான் கத்தவே இல்லை அக்கா.